கோட்டை விட்டவர்

பல் டாக்டரின் குடும்பப் பெயர், அவர் பிறந்தபோது, ஓட்டை. கேட்பவர்கள் முதலில் கேலி என்றுதான் நினைப்பார்கள். ஆனால் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் அவருடைய அப்பாவையும் தாத்தாவையும் அதற்கு முந்தியவர்களையும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே அரசாங்கப் பதிவில் ஏறி, பள்ளிச் சான்றிதழிலும் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். வாசல் காவலாளி தினமும், "என்ன ஓட்டை, ஓட்டப் போறியா?" என்பார். அப்பாவும் தினமும் அதை முதல் தடவை கேட்டவர்போலச் சிரிப்பார்.

மகனுக்கு அந்தச் சிரிப்பு வாய்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும்போது அவன் பெயர் வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவன், "சார், ஒழுகுது சார்" என்பான். பல் மருத்துவக் கல்லூரியில் இன்னும் மோசம். பேராசிரியர் பலகையில் ஒரு சொத்தைப் பல்லை வரைந்து, நடுவில் இருந்த கறுப்புப் பள்ளத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார். வகுப்பே ஒரே குரலில் அவன் பெயரைச் சொன்னது. பேராசிரியரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யாரும் கெட்டவர்கள் இல்லை. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். விடுதி அறைக்குப் போன பிறகும் காது மட்டும் சுட்டுக்கொண்டே இருந்தது.

படிப்பு முடிந்து, சில வருஷம் பிறரிடம் வேலை பார்த்து, சொந்தமாக ஒரு கிளினிக் திறந்தபோது பெயர்ப்பலகை எழுதுபவரிடம் போனில் பெயரைச் சொன்னார். அந்தப் பக்கம் பட்டறை இரைச்சல்.

"என்ன சார், கோட்டையா?"

டாக்டர் வாயைத் திறந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"கம்பீரமான பேரு சார். பெருசாவே எழுதிடறேன்."

"ம்," என்றார் டாக்டர்.

ஓட்டைக்கும் கோட்டைக்கும் நடுவே ஒரே ஒரு மெய்யெழுத்துதான். பிற்பாடு அதைச் சட்டப்படியும் சேர்த்துக்கொண்டார். கிளினிக் திறந்த அன்று அப்பா பலகையை அண்ணாந்து பார்த்தார். "எழுத்து நல்லா இருக்கு. தூரத்துல இருந்தே தெரியுது," என்றார். உள்ளே வந்து காத்திருப்பு அறையின் நாற்காலிகள் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. தூரம் என்பார், வெயில் என்பார். அம்மா காலமான பிறகு அப்பா துறைமுகத்துப் பக்கத்துப் பழைய வீட்டில் தனியாக இருந்தார். மகன் போய்ப் பார்ப்பது வரவரக் குறைந்தது. மருமகள்தான் அவரை அடிக்கடி எட்டிப் பார்த்தாள். பெயர் விஷயம் அவளுக்குத் தெரியும். "உங்க பேரு, உங்க இஷ்டம்," என்று ஒரே தடவை சொல்லிவிட்டு விட்டுவிட்டாள். அந்த ஒரு தடவையே டாக்டருக்குப் பல வருஷம் போதுமானதாக இருந்தது.

அந்த ஊரில் கோட்டை என்ற பெயருக்கு ஒரு மவுசு இருந்தது. ஆற்றின் குறுக்கே இருந்த பாலத்தைக் கட்டிய எஞ்சினியர் ஒரு கோட்டை. லஞ்சம் கொடுக்க வந்தவரை நீதிமன்றத்திலேயே நிற்கவைத்துக் கேள்வி கேட்ட நீதிபதி ஒரு கோட்டை. ரேடியோவில் பாடிய ஒரு அம்மாள் கோட்டை வீட்டுப் பெண். அந்தக் குடும்பத்தின் மூத்தவர், ஓய்வுபெற்ற நில அளவையாளர், ஒருநாள் பல்செட் கட்டிக்கொள்ள டாக்டரிடம் வந்தார். நாற்காலியில் சாய்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி பல்லைப் பற்றியது அல்ல.

"நீங்க எந்தக் கோட்டை?"

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே, "நாங்க... துறைமுகத்துப் பக்கம்," என்றார். அதில் பொய் ஏதும் இல்லை.

பெரியவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். அவருடைய சித்தப்பா ஒருவர் வாலிப வயதில் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் போனவர். போனவர் போனவர்தான். கடிதம் இல்லை, தகவல் இல்லை. தேடித் தேடிப் பெரியவரின் அப்பா கண்ணை மூடினார். "சித்தப்பா பேரனாப்பா நீ?" என்று அவர் டாக்டரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. டாக்டர் தலையை ஆட்டினாரா இல்லையா என்பது அவருக்கே பிறகு நினைவில்லை. வாயைத் திறக்கச் சொன்னார் என்பது மட்டும் நினைவிருந்தது.

அன்றிலிருந்து பெரியவர் அவரைத் தம்பி என்றார். அவர் பெரியவரைப் பெரியப்பா என்றார். கோட்டை வீட்டு ஆட்கள் குடும்பம் குடும்பமாகப் பல் காட்ட வந்தார்கள். வீட்டு விசேஷங்களுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே போனால் ஒரு கூட்டமே எழுந்து இடம் கொடுக்கும். அந்த இடம் அவருக்குப் பிடித்திருந்தது, அப்படிப் பிடித்துப்போனதைத்தான் பின்னால் அவரால் தாங்க முடியவில்லை.

அந்தக் குடும்பம் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மண்டபத்தில் கூடும். பெரியவர் மேடையேறி, கோட்டை என்ற பெயர் எப்படி வந்தது, அதைத் தாங்கியவர்கள் யார் யார் என்று பேசுவார். பகை சூழ்ந்தபோது கோட்டைக் கதவைத் திறக்க மறுத்த காவலன் ஒருவனிடமிருந்து பெயர் தொடங்கும். கடைசியில் உயிரோடு இருப்பவர்களில் ஒருவரை அழைத்து மரியாதை செய்வார்கள். இந்த வருஷம் தொலைந்துபோய்த் திரும்பக் கிடைத்த கிளையின் பல் டாக்டர்.

"அப்பாவையும் கூட்டிட்டு வா தம்பி. அவர்தானே அந்தக் கிளைக்கு மூத்தவர்? எனக்குத் தம்பி முறை ஆகுது. மேடையில பக்கத்துல உக்கார வைக்கணும்."

அப்பாவை மேடையில் உட்காரவைத்தால் அவர் வாயைத் திறந்ததுமே பெயரைச் சொல்லிவிடுவார்.

"அப்பா... இல்லைங்க பெரியப்பா."

ஊரில் இல்லை, வர முடிகிற நிலையில் இல்லை என்று எப்படியோ இழுத்து முடிக்கத்தான் நினைத்தார். அதற்குள் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "அடப்பாவமே. பார்க்காமலே போயிட்டாரா!" என்று டாக்டரின் தலையில் கை வைத்தார். அந்தக் கையைத் தலையில் வாங்கிக்கொண்டு டாக்டர் பேசாமல் நின்றார்.

சில வாரம் கழிந்தது. பழைய பல்செட் தளர்ந்துவிட்டதால் செய்யச் சொன்ன புதியது தயாராகி, பொருத்திப் பார்க்கப் பெரியவர் வந்து காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே டாக்டர் ஒரு அம்மாளுக்குச் சொத்தையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பாதியில் விட முடியாத வேலை. அறைக் கதவு சரியாக மூடாது. வெளியே பேசுவது கேட்கும். மெஷினை நிறுத்திய ஒரு இடைவெளியில் அப்பாவின் குரல் கேட்டது.

"உக்காரலாமா இங்க?"

"தாராளமா. என்னங்க, கன்னம் இப்படி வீங்கியிருக்கு?"

"பல்லுதான். பொறுத்துப் பார்த்தேன், முடியல. போன் பண்ணினா எடுக்கல. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில ஏத்தி அனுப்பிட்டார்."

"கவலையே வேணாம். தங்கமான கை. எங்க பையன்தான் டாக்டர்."

வெளியே நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது.

"உங்க பையனா?" என்றார் அப்பா.

"தம்பி மகன் முறை. பாவம், அப்பா இல்லாத பிள்ளை. அவர் எனக்குத் தம்பி. ஒருதடவை கண்ணால பார்க்கக் கொடுத்துவைக்கல."

டாக்டரின் கை நின்றுவிட்டது. நாற்காலியிலிருந்த அம்மாள் திறந்த வாயோடு கண்ணால் என்ன என்று கேட்டார். டாக்டர் மறுபடி குனிந்தார். மெஷினை ஓட விட்டால் வெளியே கேட்காது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. நிறுத்தி நிறுத்தி வேலை செய்தார்.

வரவேற்பில் இருந்த பெண் அப்பாவைப் பார்த்ததில்லை. "ஐயா, பேரு சொல்லுங்க," என்றாள்.

யார் எங்கே எப்போது கேட்டாலும் பெயரைக் கணீரென்று சொல்லுகிற மனிதர் அப்பா. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கிரேன்காரர்னு போட்டுக்கம்மா. அது போதும்."

"துறைமுகமா?" என்று பெரியவர் திரும்பினார். "அப்ப டாக்டரோட அப்பாவைத் தெரிஞ்சிருக்குமே!"

"தெரியும்," என்றார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, "ஒண்ணாத்தான் வேலை பார்த்தோம்."

"எப்படி ஆளு? சொல்லுங்களேன். எனக்கு யாரும் சொல்லவே இல்ல."

"எப்படின்னா... சாதாரண ஆளுதான். கோவம் வரும், நிக்காது. பாட்டு வராது, ஆனா பாடுவான். மேல கிரேன் கூண்டுக்குள்ள உக்காந்துட்டா கீழ இருக்கிறவங்க தப்பிச்சாங்க. பொண்டாட்டி போனப்புறம் அந்தப் பாட்டும் நின்னு போச்சு." அப்பா இருமினார். "பிள்ளை மேல உயிரு. படிக்கிறவனாச்சேன்னு துறைமுகத்துப் பக்கமே விடமாட்டான்."

"குடும்பத்துல வேற யாராவது பேர் வாங்கினவங்க உண்டா? மேடையில சொல்லணும், அதான்."

"ஏன் இல்ல? அவங்க அண்ணன் துறைமுக டீம்ல கோல்கீப்பர். பந்து உள்ள போகாது. அவர் நின்னா மைதானமே பேரைச் சொல்லிக் கத்தும்."

"கோட்டை, கோட்டைன்னா?"

"ஆமா... தூரத்துல இருந்து அப்படித்தான் கேக்கும்."

"கோல்கீப்பருக்குக் கோட்டைன்னு பேரு! ஆஹா, எவ்வளவு பொருத்தம் பாருங்க!" பெரியவர் தொடையைத் தட்டிக்கொண்டது உள்ளேவரை கேட்டது. "வேற?"

"ஒரு அக்கா இருந்தா. டெலிபோன் ஆபீஸ்ல லைன் போட்டுக் கொடுக்கிற வேலை. ஊர் ரகசியம் பூரா அவ காது வழியாத்தான் போகும். வாயிலருந்து ஒரு சொல் சிந்தினதில்ல. அதுக்காகவே அவ பேரைச் சொல்லிச் சிரிப்பாங்க."

"ஏன் சிரிக்கணும்? பெருமைதானே?"

"பெருமைதான்," என்றார் அப்பா.

அந்த அத்தையையும் கோல்கீப்பர் பெரியப்பாவையும் பற்றி டாக்டருக்குத் தெரியும். சிறுவயதில் கேட்டுக் கேட்டுச் சலித்த கதைகள். அவற்றிலிருந்து ஓட்டையை எடுத்துவிட்டால் சிரிப்பும் போய்விடுகிறது, கதையும் போய்விடுகிறது என்று அன்றுதான் பார்த்தார். அப்பா தன் வீட்டு ஆட்களை ஒவ்வொருவராக வேறொரு வீட்டுக்குத் தாரைவார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்காக.

அந்த அம்மாள் போனதும், வீக்கத்தைக் காரணம் சொல்லிப் பெரியவரைக் காக்கச் சொல்லிவிட்டு அப்பாவை உள்ளே அழைத்தார். அப்பா நாற்காலியில் ஏறிச் சாய்ந்தார். கீழ்க் கடைவாய்ப் பல். வேரில் சீழ் கோத்திருந்தது. எடுத்துவிட வேண்டியதுதான். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டார். மருந்து பிடிக்கும்வரை இருவரும் காத்திருக்க வேண்டும். டாக்டர் தட்டில் இருந்த கருவிகளை அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார்.

"எப்பச் செத்தேன்?" என்றார் அப்பா.

"அப்பா..."

"இல்ல, கேட்டு வச்சுக்கிட்டா நல்லது. வெளிய அவர் கேட்டா நான் ஒண்ணு சொல்லி நீ ஒண்ணு சொல்லக் கூடாதில்ல?" ஒரு பக்க உதடு மரத்துப்போய் வார்த்தை வழுக்கியது. கிண்டலாகச் சொல்லத்தான் நினைத்திருப்பார். குரல் ஒத்துழைக்கவில்லை.

"நான் அப்படிச் சொல்லலப்பா. இல்லைன்னு மட்டும்தான்... அவரா அப்படி எடுத்துக்கிட்டார்."

"சரி. அப்புறம் நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

"அதானே. நீ எப்பவும் ஒண்ணும் சொல்லமாட்டே." அப்பா கூரையைப் பார்த்தபடி இருந்தார். "பேரை மாத்தினே. சின்ன வயசுல என்ன பாடுபட்டியோன்னு விட்டுட்டேன். எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா விட்டுட்டேன். என்னை ஏன்டா சாகடிச்சே? நான் பாட்டுக்கு அங்க ஒரு மூலையில கிடந்தேனே."

டாக்டர் இடுக்கியைக் கையில் எடுத்தார். அப்பாவே வாயைத் திறந்தார். பல் சுலபமாக வந்துவிட்டது. அப்பா முனகக்கூட இல்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டு, பேச முடியாமல், டாக்டரின் தோளை லேசாகத் தட்டிவிட்டு இறங்கினார். வெளியே பெரியவரிடம் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து பெரியவர் வந்தார். பழைய பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் வைத்தார். கன்னம் உள்ளே ஒடுங்கி, முகத்துக்குச் சட்டென்று பத்து வயது கூடிப்போயிற்று. புதியதைக் கையில் எடுத்த டாக்டர் அதை மாட்டாமலே பேச ஆரம்பித்தார்.

"பெரியப்பா, இப்ப போனாரே, அவர்தான் என் அப்பா. உயிரோடதான் இருக்கார். நான் கோட்டை இல்லை. எங்க பேரு ஓட்டை. ஒரு எழுத்தை நான்தான் சேர்த்துக்கிட்டேன். உங்க சித்தப்பாவுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

பல் இல்லாத வாயால் குறுக்கே பேச முடியாது என்று தெரிந்துதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தோமோ என்று பின்னால் தோன்றியபோது அதற்கும் சேர்த்துக் கூசினார். பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். டாக்டர் புதிய பல்செட்டைக் கொடுத்தார். பெரியவர் தானே மாட்டிக்கொண்டார். இரண்டு தடவை கடித்துப் பார்த்தார்.

"பல்லு சரியா இருக்கு," என்றார். வாசல்வரை போய்த் திரும்பினார். "எங்க அப்பா படத்துக்கு முன்னால நின்னு, சித்தப்பா பேரன் கிடைச்சுட்டான்னு சொன்னேன். சத்தமாவே சொன்னேன்." செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமே டாக்டர் அப்பா வீட்டுக்குப் போனார். அப்பா கன்னத்தில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல்லிவிட்டேன் என்றார் மகன்.

"அவர் என்ன சொன்னார்?"

டாக்டர் அப்படியே சொன்னார். அப்பா ஐஸைக் கீழே வைத்தார்.

"பாவம்டா. எவ்வளவு ஆசையா கேட்டுக்கிட்டிருந்தார்! நானும் சேர்ந்துல்ல அளந்துவிட்டேன்."

"பேரைத் திரும்ப மாத்திடறேன்ப்பா."

"எதுக்கு? உன் பசங்க அந்தப் பேர்லயே வளர்ந்துட்டாங்க. மறுபடி ஆபீஸ் ஆபீஸா அலையாதே."

"நம்ம பேரு எப்படிப்பா வந்துச்சு? நிஜமா."

"யாருக்குத் தெரியும்? யாரோ ஒரு முப்பாட்டன் படகுல ஓட்டை விழுந்து காலை வச்சு அடைச்சார்னு உன் பெரியப்பா சொல்வான். ரகசியம் தாங்காத ஓட்டைவாய்னு அத்தை சொல்வா. எனக்குத் தெரிஞ்சு, எவனோ ஒருத்தன் கூப்பிட்டிருக்கான், நம்மாளு திரும்பிப் பார்த்திருக்கார். அவ்வளவுதான் இருக்கும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, பெரியவர் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். டாக்டர் தயங்கினார். "செத்தவன் நான்தான். நான்தான் போய் முகத்தைக் காட்டணும்," என்றார் அப்பா.

மாடி வீடு. பெரியவரே கதவைத் திறந்தார். அப்பாவைப் பார்த்தார். "உள்ள வாங்க," என்றார் அவரிடம் மட்டும். கூடத்துச் சுவரில் எஞ்சினியரும் நீதிபதியும் ரேடியோ அம்மாளும் படங்களாக இருந்தார்கள். பெரியவர் அப்பாவுக்கு ஒவ்வொருவரையும் காட்டினார். அப்பா நின்று நிதானமாகப் பார்த்தார்; பாலம் கட்டும்போது எந்தக் கிரேன் என்று விசாரித்தார். டாக்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பெரியவரின் மனைவி அவர் முன்னாலும் ஒரு டீயை வைத்தார், முகத்தைப் பார்க்காமல்.

"அந்தக் கோல்கீப்பர் நிஜமா?" என்றார் பெரியவர்.

"அது சத்தியமா நிஜம். எதிர் டீம்காரங்க, ஓட்டை இருக்குடா, அடின்னு கத்துவாங்க. ஒண்ணும் போகாது. அப்புறம் நம்மாளுங்க கத்துவாங்க."

பெரியவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புதுப் பல் நழுவிவிடும்போலிருந்தது. கையால் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அடங்கியதும் முதல்முறையாக டாக்டர் பக்கம் திரும்பினார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் இதே மாதிரி சிரிச்சுட்டு, உன்கிட்டயே பல்லு கட்டிட்டுப் போயிருப்பேனே. என்ன குறைஞ்சிருக்கும்?"

டாக்டரால் தலையை நிமிர்த்த முடியவில்லை. மன்னிச்சுக்கங்க என்றார். டீக் கோப்பையைப் பார்த்துச் சொன்னதால் அது யார் காதிலும் விழவில்லை.

ஆண்டுக் கூட்டம் அவர் இல்லாமல் நடந்தது. கோட்டை வீட்டு ஆட்களில் பாதிப் பேர் கிளினிக்குக்கு வருவதை நிறுத்தினார்கள். வந்தவர்கள் கூரையைப் பார்த்தபடி வாயைத் திறந்தார்கள். பல் டாக்டர் கோட்டை விட்டுவிட்டார் என்று அந்த வீட்டு இளவட்டங்கள் சொல்லிச் சிரித்தது அவர் காதுக்கும் வந்தது. புதிதாக வருகிறவர்கள் எந்தக் கோட்டை என்று கேட்டால், "கோட்டை இல்லீங்க, ஓட்டை," என்று சொல்லப் பழகினார். சொல்லும் ஒவ்வொரு தடவையும் காது சுட்டது. பழகப் பழகச் சுலபமாகும் என்று மனைவி சொன்னாள். ஆகவில்லை.

அப்பாவுக்கும் பெரியவருக்கும் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஞாயிறு பிற்பகல்களில் அப்பா அங்கே போனார். டாக்டர் வாசல்வரை காரில் கொண்டுபோய் விட்டு, காருக்குள்ளேயே காத்திருப்பார். மேலே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை. திறந்த ஜன்னல் வழியாக அப்பா பாடுவது கேட்கும். பாட்டு வராது, ஆனால் பாடினார்.

ஒருநாள் நல்ல வெயில். கார் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். பெரியவரின் மனைவி. ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினார். டாக்டர் வாங்கிக்கொண்டார். அந்த அம்மாள் திரும்பி மாடியேறிவிட்டார்.

டாக்டர் ஒரே மூச்சில் குடித்தார். தம்ளர் நல்ல கனம். அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் மேலே போய்த்தான் ஆகவேண்டும் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது.